சாம்பிராணி இன்னும் போடவில்லை

"சாமி, இன்னிக்கு சாம்பிராணி நல்லா மணக்குது!"

காரின் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, பின்னால் ரதத்தில் நின்றிருந்த பூசாரியைப் பார்த்து இப்படிக் கத்தினேன். ஜொகூரில் யோங் பெங் ஊர்ப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டத்தில் அன்று மாரியம்மன் திருவிழா. மாலை நான்கு மணி வெயில். அந்த வருடம் அம்மனின் ரதத்தை இழுத்துக்கொண்டு போனது எங்கள் வீட்டுக் கார். புது ஜிப்பா போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவன் நான்.

பூசாரி ரதத்தின் கம்பியைப் பிடித்தபடி குனிந்தார்.

"சாம்பிராணி இன்னும் போடவே இல்லையேண்ணே!"

கொஞ்சம் மூளை உள்ளவன் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தியிருப்பான். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏர்கோன் குளிரைக் கூட்டினேன். போடாத சாம்பிராணி மணக்கிறதென்றால் அது அம்மனின் அருள்தானே? இத்தனை பேர் இருக்கும்போது எனக்கு மட்டும் இந்தப் பாக்கியமா என்று கண்கூடக் கலங்கிவிட்டது.

மணந்தது அருள் இல்லை. என் காலுக்குக் கீழே காரின் கியர்பாக்ஸ் எண்ணெய் வெந்துகொண்டிருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை என் வீரதீரங்களைத்தான் எழுதி வந்திருக்கிறேன். போன வாரம் வெள்ளத்தில் லாரி ஓட்டிய கதையைப் படித்துவிட்டு என் மனைவி மல்லிகா பத்திரிகையை மடித்து வைத்தாள். "எல்லாம் சரி, அந்த ரதக் கதைய எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். அவள் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் கேட்பாள். ஆகவே எழுதிவிடுகிறேன்.

இரண்டு காலுக்கும் வேலை

முதலில் என் தலைக்கனம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் முப்பது வருடம் டாங்கி லாரி ஓட்டியவன். தோட்டத்து ஆலைகளில் செம்பனை எண்ணெயை நிரப்பிக்கொண்டு பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போவேன். டாங்கிக்குள் எண்ணெய் அலையடிக்கும். பிரேக் பிடித்த பிறகும் அது பின்னாலிருந்து வந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளலைக் கணக்குப் பண்ணி கிளட்ச்சை விட வேண்டும், கியரை இறக்க வேண்டும். ஊரில் என் பெயரே டாங்கி மணியம்.

ரோட்டோர ஒட்டுக்கடையில் நாங்கள் நாலைந்து லாரிக்காரர்கள் தே தாரிக் டீ குடித்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுதுவோம். ஆட்டோ கியர் காருக்கு நாங்கள் எழுதிய தீர்ப்பு, அது வண்டியே இல்லை என்பது. கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலை கிடையாது. 'டி'யில் போட்டால் போகும், 'ஆர்'இல் போட்டால் பின்னால் வரும். இதை ஓட்டுவதற்கு ஓர் ஆள் எதற்கு என்று சிரிப்போம்.

முப்பது வருடம் முடிந்தபோது என் இடது முட்டி தேய்ந்து போயிருந்தது. கிளட்ச்சை மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டி. இனிமேல் கிளட்ச் வண்டி வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒட்டுக்கடையில் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலையை விட்டது பேரப் பிள்ளைகளுக்காக என்று சொன்னேன். அப்போது எனக்குப் பேரப் பிள்ளையே பிறந்திருக்கவில்லை.

அரை லைசன்ஸ்

மல்லிகா பத்து பாகாட் நகரத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இருபது வருடத்துக்கு மேல் சட்டைக் காலர் தைத்தவள். தொழிற்சாலை பஸ் விடியற்காலையில் எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் வந்து ஏற்றிக்கொள்ளும். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, அவளை லைன் சூப்பர்வைசர் ஆக்கலாம் என்றிருக்கிறார். ஆனால் சூப்பர்வைசர் மற்றவர்களுக்கு அரைமணி நேரம் முன்னால் வந்து மிஷின்களைப் பார்க்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஆகாது. "சொந்தமா வர முடியுமா? மூணு மாசம் பார்த்துட்டு உறுதி பண்றோம்" என்றிருக்கிறார்.

முடியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அப்போது அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

ஐம்பது வயதைத் தாண்டி, மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சட்டப் பாடம் படித்து, ஆட்டோ கார் மட்டும் ஓட்டும் லைசன்ஸ் எடுத்தாள். இங்கே அப்படி ஒரு லைசன்ஸ் உண்டு. அது வந்த நாளில் நான் வாழ்த்துச் சொல்லவில்லை. "அரை லைசன்ஸ்" என்று பெயர் வைத்தேன். சொந்தக்காரர்கள் வீட்டில், கல்யாணத்தில், ஆள் கூடுகிற இடத்திலெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரிப்பாள். அவள் சிரித்ததால் அது நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டேன்.

காரைப் பொந்தியானில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியையிடம் வாங்கினோம். ஜப்பான் கார், ஏறக்குறைய இருபது வயது. உள்ளே இன்னும் சாக்பீஸ் வாசனை அடிப்பது போல இருந்தது. வாங்கிய வாரமே யோங் பெங்கில் எங்கள் போமன் ஆ ஹோக்கிடம் காட்டினோம். மெக்கானிக்கை நாங்கள் போமன் என்றுதான் சொல்வோம், காரைக் காடி என்போம். ஆ ஹோக்கின் அப்பா எங்கள் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் ஆ ஹோக் பேசும் தமிழ் அச்சு அசல் எங்கள் தோட்டத்துத் தமிழ்.

அவன் கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுகோலை உருவி, ஒரு வெள்ளை டிஷ்யூவில் துடைத்து எங்களிடம் நீட்டினான்.

"இது சிராப் தண்ணி மாதிரி சிவப்பா இருக்கணும் அக்கா. இப்ப தே ஓ கலருக்கு வந்துடுச்சி. கோப்பி ஓ ஆவறதுக்குள்ள மாத்திடுங்க."

தே ஓ பால் விடாத தேநீர், கோப்பி ஓ பால் விடாத காப்பி. மல்லிகா தலையாட்டினாள். நான் குறுக்கே விழுந்தேன்.

"ஓடுற ஆட்டோ கியர்ல கை வைக்கக் கூடாது லா. எண்ணெய மாத்துனவன் காடியெல்லாம் மறுமாசமே படுத்துடுச்சி."

இது ஒட்டுக்கடைச் சட்டம். ஜொகூர் முழுக்க இந்தச் சட்டத்தை நம்பும் ஆட்களை இன்றைக்கும் பார்க்கலாம். ஆ ஹோக் என் முகத்தைப் பார்த்துவிட்டு அளவுகோலைத் திரும்பச் செருகினான். வீட்டுக்கு வந்த பிறகு மல்லிகா, காருக்குள் கிடந்த புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, அதிலும் எண்ணெயை மாற்றச் சொல்லித்தான் போட்டிருக்கிறது என்றாள். ஜப்பானில் குளிரில் உட்கார்ந்து எழுதினவனுக்கு நம்ம வெயில் தெரியுமா என்று அவள் வாயை அடைத்தேன். வெயில் ஊரில்தான் அந்த எண்ணெயைச் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

டிராக்டர் வராத வருடம்

எங்கள் தோட்டத்து ரதத்தை வருடா வருடம் இழுப்பது செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர். அந்த வருடம் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது டிராக்டரின் அச்சு முறிந்துவிட்டது. கோயில் தலைவர் சின்னையா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"லாரி எதுவும் கிடைக்கலையே மணியம். கையால இழுக்கலாம்னா அந்த ஆஸ்பத்திரி மேட்டுல ஏறாது."

அப்போது நான் எழுந்து நின்று சொன்ன வாக்கியம் இன்றுவரை ஊரில் பேசப்படுகிறது.

"முப்பது டன் இழுத்தவன் நான். ரதம் எம்மாத்திரம்?"

முப்பது டன்னை இழுத்தது லாரி, நான் இல்லை என்று அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சின்னையா என் கையைப் பிடித்துக்கொண்டார். மல்லிகாவுக்கும் சந்தோஷம். "அம்மன இழுத்த வண்டினா அதுக்கப்புறம் அதுக்கு ஒரு குறையும் வராது" என்றாள். காரைக் கழுவி, முன்னால் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டியவள் அவள்தான்.

இரும்புச் சட்டம், லாரி டயர்கள், மரச் சிற்பம், விளக்குகளுக்கு ஒரு ஜெனரேட்டர், அம்மன், பூசாரி. இத்தனையையும் காரின் பின் கொக்கியில் ஓர் இரும்புக் கம்பியால் மாட்டினோம். புறப்பட்டோம்.

ரதம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். அர்ச்சனைத் தட்டு வரும், தேங்காய் உடையும், தீபாராதனை நடக்கும். நான் அத்தனை நேரமும் 'டி'யிலேயே போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பேன். அடுத்த வீட்டுக்கு நகர ஆக்சிலரேட்டரை, எங்கள் பேச்சில் எண்ணெயை, அமுக்க வேண்டும். கார் உறுமும், நத்தை மாதிரி நகரும், மறுபடி நிற்கும். ஆஸ்பத்திரி மேட்டில் இன்ஜின் போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே கேட்கவில்லை. இரண்டரை மணி நேரம் இப்படி. நான் பூசாரிக்குச் சாம்பிராணிச் சான்றிதழ் கொடுத்தது அந்த மேட்டின் உச்சியில்தான்.

ஊர்வலம் முடிந்ததும் சின்னையா எனக்கு மாலை போட்டார். மல்லிகா காரின் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "என்னங்க இப்படிக் கொதிக்குது?" என்றாள்.

"வெயில்" என்றேன்.

காலையில் சாது

மறுநாளிலிருந்து காருக்கு ஒரு புதுக் குணம் வந்தது. காலையில் சாதுவாக இருக்கும். மல்லிகா விடியும் நேரத்தில் எடுத்துக்கொண்டு போவாள், ஒரு பிரச்சினையும் இருக்காது. மதியத்துக்கு மேல்தான் முரண்டு பிடிக்கும். ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போய்த் திரும்பும்போது நான் எண்ணெயை அமுக்குகிறேன், இன்ஜின் கத்துகிறது, கார் நகரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது. 'ஆர்'இல் போட்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்த பிறகு 'டொப்' என்று ஓர் இடி.

மல்லிகாவுக்குத் தெரியாமல் ஆ ஹோக்கிடம் போனேன். அவன் அளவுகோலை உருவித் துடைத்தான். டிஷ்யூவை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தான். கோப்பி ஓ. அதுவும் அடிப்பிடித்த கோப்பி ஓ.

"மணியம், இதுல என்னா இழுத்தே?"

"ரதம்."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டரை மணி."

"அலமாக்!" என்று ஆ ஹோக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு பொறுமையாகச் சொன்னான். ஆட்டோ கியரில் இன்ஜினின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போவதே அந்த எண்ணெய்தான். பாரம் அதிகம், வேகம் குறைவு என்றால் எண்ணெய் உள்ளேயே சுழன்று சுழன்று கொதிக்கும். அந்தச் சூடு முன்னால் இருக்கும் ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். நடக்கிற வேகத்தில் காற்று எங்கே வரும்? எண்ணெய் வெந்தது, உள்ளே இருக்கும் பிளேட்டுகள் கருகின. ஆறியிருக்கும்போது எப்படியோ பிடிக்கின்றன, சூடேறினால் வழுக்குகின்றன.

"எண்ணெய மட்டும் மாத்திப் பாக்கலாமா?" என்றேன்.

"இப்ப மாத்துனா கொஞ்ச நாள்ல நிக்கும். நீ ஒட்டுக்கடையில உக்காந்து, புது எண்ணெய்தான் கொன்னுச்சினு சொல்வே. எல்லாரும் அப்படித்தான். சாவற நேரத்துல மருந்து குடுத்துட்டு மருந்து மேல பழி. பிரிச்சி பிளேட் மாத்தணும், மூணு வாரம் ஆவும்."

பிறகு கொண்டுவந்து விடுகிறேன் என்று சாவியை எடுத்தேன். கிளம்பும்போது அவன் சொன்னான். "அதுவரைக்கும் ஓட்டுனா, சூடானதும் அமுக்காதே. ஓரமா நிறுத்து. ஆறட்டும். இத அக்காகிட்ட சொல்லு."

சொல்லவில்லை. சொன்னால் ஏன் சூடாகிறது என்று கேட்பாள். அம்மனை இழுத்ததால் கெட்டுப்போனது என்று எப்படிச் சொல்வது, தெய்வக் குற்றம் ஆகிவிடாதா என்று எனக்கு நானே ஒரு பக்திக் காரணம் வைத்திருந்தேன். உண்மைக் காரணம் வேறு. டாங்கி மணியம் ஒரு சின்னக் காரின் கியரைக் கொளுத்திவிட்டான் என்பதை என் வாயால் சொல்ல முடியவில்லை.

மேட்டுச் சந்தி

இரண்டு நாள் கழித்து மல்லிகா வேலை முடிந்து திரும்பும்போது, பத்து பாகாட்டைத் தாண்டுவதற்கு முன் ஒரு மேட்டுச் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றிருக்கிறாள். பச்சை விழுந்தது. கார் போகவில்லை. அமுக்கினாள், இன்ஜின் கத்தியது, கார் பின்னால் நழுவியது. பின்னால் ஒரு லாரி. லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்து, கண்ணாடியை இறக்கி, ஓட்டத் தெரியாதவளுக்குக் கார் எதற்கு என்று மலாயில் கேட்டிருக்கிறான். யாரோ இரண்டு பேர் இறங்கி வந்து காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அரைமணி நேரம் வெயிலில் நின்றாள். பிறகு கார் தானாகக் கிளம்பியது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் பிரேக்கையும் எண்ணெயையும் ஒண்ணா அமுக்கிட்டேன் போல இருக்குங்க. எனக்கே தெரியல. நல்லா இருந்த வண்டிய நான்தான் கெடுத்துட்டேன்."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்தான். திறந்து என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவால்ல விடு. பழகினா சரியாயிடும்."

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அன்று சாயங்காலம் தாமான் சந்துக்குள் அவளை உட்காரவைத்து, கதவருகே நின்றுகொண்டு பாடம் வேறு நடத்தினேன். குதிகால் இங்கே இருக்க வேண்டும், விரல் அங்கே போக வேண்டும், மெதுவாக, மெதுவாக. அவள் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றாள். மறுநாளும் பயிற்சி செய்தாள். அதற்கு மறுநாளும். சமைக்கும்போதுகூட அடுப்பு முன்னால் நின்று வலது பாதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். நான் அதைப் பார்த்துவிட்டு டிவியைப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். கண்ணை மூடிக்கொண்டு அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. வண்டி சரியானால் அடுத்த வருடம் வெறுங்காலோடு ரதத்தின் வடம் பிடிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அம்மன் என்னைத்தான் பார்த்தது போலிருந்தது. நான் கொடிமரத்தைப் பார்த்தேன்.

இப்படிப் பதினொரு நாள். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளை எண்ணினால் ஒரு லாரி தேறும். ஆனால் இந்தப் பதினொரு நாளை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சாவி

பன்னிரண்டாம் நாள் 'ஆர்' சுத்தமாக விழவில்லை. ஆ ஹோக்கிடம் எப்படியோ ஓட்டிக்கொண்டு போனோம். அவன் காரைத் தூக்கி, அடித்தட்டைக் கழற்றினான். எண்ணெய் கருப்பாக ஊற்றியது. தட்டின் அடியில் கரிச் சேறு படிந்திருந்தது. மல்லிகா அதை எட்டிப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தாள்.

ஆ ஹோக் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். நல்ல மனுஷன் அவன். என் மானத்தைக் காப்பாற்ற நினைத்தான்.

"பழைய காடி, அக்கா. வயசாச்சு. அவ்ளோதான்."

"நான் ஓட்டுனதாலயா தம்பி?"

ஆ ஹோக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

மல்லிகா புரிந்துகொண்டது போலத் தலையாட்டினாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "ரிப்பேர் முடிஞ்சதும் நீங்களே ஓட்டுங்க. நாளைக்கு மேனேஜர்கிட்ட, சூப்பர்வைசர் வேலை வேணாம், பழையபடி பஸ்லயே வரேன்னு சொல்லிடறேன். என்னால அடுத்தவங்க சாமான் எதுவும் கெட வேணாம்."

சாவி என் உள்ளங்கையில் விழுந்தது. அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் கதை முடிந்தது. யாருக்கும் தெரியாது. ஆ ஹோக்கும் சொல்ல மாட்டான். ஆனால் சேறு படிந்த அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் தன் வலது காலை ஒரு மாதிரி உள்ளே இழுத்து வைத்துக்கொண்டாள். ஏதோ தப்புச் செய்த காலைப் போல. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நீ இல்ல, நான்தான்" என்றேன். "ரதத்த இழுத்ததுல கருகிப் போச்சி. அன்னிக்கு மணந்தது சாம்பிராணி இல்ல. ஆ ஹோக் எனக்கு அப்பவே சொல்லிட்டான். நீ மேட்டுல நின்னதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

ஆ ஹோக் மெதுவாக நழுவி, தே ஓ வாங்கிவரப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் கடையிலேயே பிளாஸ்க் இருக்கிறது.

மல்லிகா அடுக்கி வைத்திருந்த டயர் மேல் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வண்டி போனா போவுது" என்றாள். "நான் பதினோரு நாளா என் காலத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க அதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அம்மன் ரதம் என்பதால் சொல்லத் தயங்கினேன் என்று இழுத்தேன்.

"அம்மன் மேல போடாதீங்க. அம்மனா 'டி'யில போட்டுச்சி?"

பிறகு எழுந்தாள். என் கையிலிருந்து சாவியை எடுத்தாள். தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

மூன்று வாரம்

கார் ஆ ஹோக்கிடம் இருந்த மூன்று வாரமும், அவளை நான்தான் தினமும் தொழிற்சாலையில் கொண்டு விட்டேன். தம்பி மகனிடம் இரவல் வாங்கிய கப்சாய் மோட்டார் சைக்கிளில். விடியற்காலையில் மழையாக இருந்தாலும் அதில்தான் போக வேண்டும். பாரிட் யானி பக்கம் ஒருநாள் பெய்த மழையில் இரண்டு பேரும் தெப்பமாக நனைந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்தவள் முதல் வாரம் என் தோளைப் பிடிக்கவில்லை, சீட்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வாரம் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது பிடித்தாள். பிறகு கையை எடுக்கவில்லை. கேட்டில் இறங்கும்போது காவல்காரர் அவளை "சூப்பர்வைசர்" என்று கூப்பிடுவார். ஒரு நாளும் தாமதமாகப் போகவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் வேலையை உறுதி செய்துவிட்டார்கள்.

கார் திரும்பி வந்தபோது அதன் மூக்கில் எண்ணெய்க்கென்று தனியாக ஒரு குட்டி ரேடியேட்டர் இருந்தது. ஆ ஹோக் அளவுகோலை உருவித் துடைத்து மல்லிகாவிடம் மட்டும் காட்டினான். அசல் சிராப் தண்ணி. "சூடானா அமுக்காதீங்க அக்கா, ஓரமா நிறுத்தி ஆறவிடுங்க" என்று பழைய மந்திரத்தை அவளிடமே சொன்னான். எப்போது மாற்ற வேண்டும் என்று அவளே நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அந்த விஷயத்தில் எனக்கு ஓட்டுரிமை கிடையாது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் சாதாரணமாகச் சொன்னாள். "வேண்டுதல அம்மன்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

"எந்த வேண்டுதல்?"

"வெறுங்காலோட வடம் பிடிக்கிறது. நீங்கதான்னு சொல்லிட்டேன். அம்மன் சரினுடுச்சி."

ஆஸ்பத்திரி மேடு

அடுத்த திருவிழாவில் டிராக்டர் குணமாகி வந்துவிட்டது. டிராக்டருக்கு முன்னால் வேண்டுதல்காரர்களுக்காக ஒரு வடம் கட்டினார்கள். சின்னையா என்னைப் பார்த்ததும், "என்னா மணியம், முப்பது டன் இழுத்தவன்" என்று ஆரம்பித்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடத்தைப் பிடித்தேன்.

அதே நான்கு மணி வெயில். அதே தார் ரோடு. முதல் பத்து வீடு வரை பாட்டுக்கூடப் பாடினேன். பிறகு பாதம் எரிய ஆரம்பித்தது. ரதம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும்போது, ஒரு காலைத் தூக்கி மறு காலில் நிற்பேன். இடது முட்டி தன் பங்குக்குக் கத்தியது. ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறும்போது மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. முன்னால் இருந்தவர்கள் இழுக்கிறார்கள், நான் நகரவில்லை. நான் வடத்தை இழுக்கிறேனா, வடம் என்னை இழுக்கிறதா என்றே தெரியவில்லை.

மேட்டின் ஓரத்தில், செம்பனை நிழலில் எங்கள் கார் நின்றிருந்தது. ஊர்வலத்துக்குத் தண்ணீர் கொடுக்க மல்லிகா முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். கதவைத் திறந்து இறங்கி என் பக்கம் வந்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியதுதான்.

அவள் சிரிக்கவில்லை. என் பாதத்தைப் பார்த்தாள்.

"சூடாயிடுச்சா?"

"ம்."

"அமுக்காதீங்க. ஓரமா வாங்க. ஆறட்டும்."

கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப் போனாள். முன் சீட்டில் உட்காரவைத்து, வெளியே தொங்கிய என் கால்கள் மேல் ஒரு பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். இன்னொரு பாட்டிலைக் கையில் கொடுத்தாள். சிராப் தண்ணி. நல்ல சிவப்பு.

ரதம் எங்களைக் கடந்து போனது. ஒரு வாய் குடித்திருப்பேன், மூக்கில் ஒரு வாசனை ஏறியது. பாட்டிலை இறக்கிவிட்டுக் காரின் மூக்கைப் பார்த்தேன், பிறகு மல்லிகாவைப் பார்த்தேன்.

"சாம்பிராணிதான்" என்றாள் மல்லிகா. "குடிங்க."